கடை ஓர் அடிகூட நகரவில்லை

கிரேட்டர் பெங்களூரு ஆணையத்துக்கும், அதன் கீழ் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று பிரிந்து நிற்கும் ஐந்து மாநகராட்சிகளுக்கும், இதற்கெல்லாம் சட்டம் போட்ட மாநில அரசுக்கும் எழுதுவது.

லிங்கராஜபுரத்தில் இருபத்தாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில்தான் ஜெராக்ஸ். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விண்ணப்பம் நிரப்பத்தான் வருகிறார்கள். ரேஷன் அட்டை, ஆதார் திருத்தம், பள்ளிக்கூடச் சேர்க்கை, முதியோர் பென்ஷன், காத்தா என்கிற சொத்துப் பதிவில் பெயர் மாற்றம், கந்தாயம் என்கிற வீட்டு வரி கட்டுவது. தமிழில் சொல்வார்கள், உருதுவில் சொல்வார்கள், தெலுங்கில் சொல்வார்கள். நான் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ எழுதிக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நாற்பது விலாசமாவது என் கையால் எழுதுகிறேன். விலாசத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

என் கடை 2025 ஆகஸ்ட் வரை பாலிகேயின், அதாவது ஊர் முழுவதற்கும் ஒன்றாக இருந்த பழைய மாநகராட்சியின், கிழக்கு மண்டலத்தில் இருந்தது. அதை ஐந்தாகப் பிரித்த செப்டம்பர் 2ஆம் தேதி முதல் வடக்கு மாநகராட்சியில் இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் பெங்களூரு மத்தி தொகுதிக்கு ஓட்டுப் போடுகிறேன். கிழக்கு, வடக்கு, மத்தி. கடை ஓர் அடிகூட நகரவில்லை. எதிரே இருக்கும் புங்க மரமும் நகரவில்லை.

திசையைத் தவிர வேறு பெயரே உங்களுக்குக் கிடைக்கவில்லையா? "தெற்கு" ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெங்களூரு தெற்கு என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருக்கிறது. அதே பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமன்றத் தொகுதி அந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள் வராது, பெங்களூரு ஊரகத் தொகுதியில் வரும். அதே பெயரில் ஒரு தாலுகாவும் உண்டு. இது போதாதென்று 2025 மே மாதம் ராமநகர மாவட்டத்தைப் பெங்களூரு தெற்கு மாவட்டம் என்று மாற்றினீர்கள். கனகபுராவும் சன்னபட்டணமும் மாகடியும் அதில் சேர்த்தி. அப்புறம் நாலே மாதத்தில் பெங்களூரு தெற்கு மாநகராட்சி. ஆக ஐந்து தெற்கு, ஐந்துக்கும் ஐந்து எல்லை. ஜெயநகர் தெற்கு மாநகராட்சியில் இருக்கிறது, தெற்கு மாவட்டத்தில் இல்லை. விஜயநகர்க்காரர் தெற்குத் தொகுதி எம்.பி.க்கு ஓட்டுப் போட்டுவிட்டு மேற்கு மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார்.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கும் வரைக்கும் சிரித்துக்கொள்ளலாம். போன அக்டோபரில் ஒரு பையன் வந்தான். வீடு பி.டி.எம். லேஅவுட், இங்கே பெரியம்மா வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்தான். உதவித்தொகைக்கு அவனே போனில் விண்ணப்பம் போட்டிருக்கிறான். மாவட்டம் என்ற இடத்தில் "பெங்களூரு தெற்கு" இருந்ததாம், தன் மாநகராட்சியின் பெயர் அதுதானே என்று அழுத்திவிட்டான். அவன் இருப்பது பெங்களூரு நகர மாவட்டம். கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் வரவே இல்லை. "மற்றவை" என்று போட்டு அனுப்பியிருக்கிறான். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. திருத்துவதற்கு மூன்று முறை அலைந்தான். "அண்ணா, நான் எந்தத் தெற்குல இருக்கேன்?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கே இரண்டு நிமிடம் ஆயிற்று.

பெயர் மாற்றமே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். கன்னட நாட்டில் கன்னடப் பெயர் இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. நான் நிரப்புகிற விண்ணப்பங்களில் முக்கால்வாசி கன்னடத்தில்தான். பெங்களூர் 2014 நவம்பர் 1ஆம் தேதி பெங்களூரு ஆனதும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு புதிதாகச் செய்துகொண்டேன், அவ்வளவுதான். பிரேசர் டவுனுக்கு 1988ல் புலிகேசி நகர் என்று பெயர் வைத்தார்கள். அந்த வெள்ளைக்கார பிரேசர் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனால் இன்றைக்கும் ஆட்டோவில் ஏறி "புலிகேசி நகர்" என்று சொன்னால் டிரைவர் திரும்பிப் பார்த்து, "பிரேசர் டவுனா சார்?" என்று கேட்பார். அந்தப் பெயரைச் சுமப்பது சட்டமன்றத் தொகுதியும் அரசாங்கக் காகிதமும்தான், தெரு சுமக்கவில்லை. அல்சூருக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. நாம் அல்சூர் என்கிறோம், மெட்ரோ பலகை ஹலசூரு என்கிறது, காதுக்கு இரண்டும் ஒரே ஊர்தான். ஊர்க்காரர் வாயில் ஏற்கெனவே இருக்கும் பெயரை எடுத்தால் அது நிற்கும். மேஜையில் உட்கார்ந்து வைத்த பெயரை ஜனங்கள் சுமக்க மாட்டார்கள், எங்களைப் போல விண்ணப்பம் நிரப்புகிறவர்கள்தான் சுமக்கவேண்டும்.

எங்கள் தாத்தா வாலாஜாபேட்டையிலிருந்து வந்து அல்சூரில் குடியேறியவர். அந்தக் காலத்தில் இந்த ஊருக்கு இரண்டு முனிசிபாலிட்டி. பேட்டைப் பக்கம் மைசூர் ராஜாவுடையது, பட்டாளம் இருந்த தண்டுப் பக்கம் வெள்ளைக்காரனுடையது. தாத்தா வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டியில் ஒரு கந்தாய ரசீது இருக்கிறது. மேலே "சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் முனிசிபாலிட்டி" என்று அச்சடித்திருக்கும். 1949ல் இரண்டையும் சேர்த்து ஒரே கார்ப்பரேஷன் ஆக்கினார்கள். அதற்கப்புறம் வந்த ரசீதில் தலைப்பு மாறியிருக்கிறது, வீட்டு எண் மாறவில்லை, தெருப் பெயர் மாறவில்லை. தாத்தா யாரிடமும் போய் நான் இன்னார்தான் என்று நிரூபித்ததாக வீட்டில் யாரும் சொன்னதில்லை. இப்போது அந்தத் தண்டுப் பகுதியே இரண்டாகிவிட்டது. அல்சூரும் சிவாஜிநகரும் மத்திய மாநகராட்சியில், பிரேசர் டவுனும் காக்ஸ் டவுனும் வடக்கில். சிவாஜிநகரில் துணிக்கடையும் பிரேசர் டவுனில் வீடும் வைத்திருப்பவர் வீட்டு வரிக்கு ஒரு மாநகராட்சி, கடை லைசென்சுக்கு இன்னொரு மாநகராட்சி என்று ஏறி இறங்கவேண்டும். நடந்தால் இருபது நிமிடம்கூட ஆகாத தூரம் அது.

சரி, நான் இந்த மடல் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

ஒரு பாட்டி. எந்தப் பகுதி, எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலைதான் உருளும், அவள் மேல் ஒரு தப்பும் கிடையாது. பாட்டியின் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், இறந்து மூன்று வருடம் ஆகிறது. காத்தா அவர் பெயரில் இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு 2025 ஜூலையில் பாட்டி மனு கொடுத்தார். மரணச் சான்றிதழ், வம்சவிருட்சம், பிள்ளைகளின் சம்மதப் பத்திரம், பத்து வருடத்துக் கந்தாய ரசீது. அத்தனையும் என் கடையில்தான் நகல் எடுத்தார். ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கி முந்தானையால் துடைத்துவிட்டு அடுக்கினார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் காகிதம்.

செப்டம்பரில் பாலிகே போய் ஐந்து மாநகராட்சி வந்தது. பாட்டி போய்க் கேட்டிருக்கிறார். கோப்பு புது ஆபீசுக்குப் போய்விட்டது என்றார்கள். புது ஆபீசில் இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். அக்டோபரில் வந்து சேர்ந்தது. ஆனால் ரசீதில் இருக்கும் வார்டு ஒன்று, புதுப் பட்டியலில் இருக்கும் வார்டு வேறு. இரண்டும் ஒரே இடம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு அஃபிடவிட் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அஃபிடவிட்டை நான்தான் டைப் அடித்தேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ அடித்திருக்கிறேன். பெயரில் எழுத்துப் பிழை, பிறந்த தேதி, தொலைந்துபோன மார்க் ஷீட். இப்படி ஒன்றை அடித்ததில்லை. "பழைய இன்ன எண் வார்டில் இருப்பதாகச் சொல்லப்பட்ட மேற்படி வீடும், புதிய இன்ன எண் வார்டில் இருப்பதாகச் சொல்லப்படும் மேற்படி வீடும் ஒரே வீடுதான் என்றும், அது இடம் மாறவில்லை என்றும் இதன் மூலம் சத்தியமாக உறுதி கூறுகிறேன்." இதைப் பாட்டிக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, வீடு எங்கப்பா போகும்?"

முத்திரைத்தாளும் நோட்டரியும் சேர்த்து எழுநூறு ரூபாய் ஆயிற்று. டைப்பிங்குக்கு நான் வாங்கவில்லை, வாங்கக் கை வரவில்லை. பாட்டியின் பென்ஷனில் எழுநூறு என்பது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என நம்புகிறேன். எல்லையை வரைந்தவர் நீங்கள். பழைய எல்லை எது, புதிய எல்லை எது என்ற வரைபடம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அப்படி இருக்க, தன் வீடு அதே இடத்தில்தான் நிற்கிறது என்று எழுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர் எதற்காகச் சத்தியம் செய்யவேண்டும்?

இதற்கு முந்தைய இணைப்பையும் பார்த்தவர்கள் நாங்கள். 2007ல் பழைய மாநகராட்சியோடு எலஹங்கா, தாசரஹள்ளி, பொம்மனஹள்ளி, கிருஷ்ணராஜபுரம், மகாதேவபுரா, பியாட்டராயனபுரா, ராஜராஜேஸ்வரி நகர் என்ற ஏழு நகரசபைகளையும், கெங்கேரி என்ற சின்ன ஊரின் புரசபையையும், நூற்றுப்பத்துக் கிராமங்களையும் சேர்த்து பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே என்று பெயர் வைத்தீர்கள். இருநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர் இருந்த நகரம் ஒரே கையெழுத்தில் எழுநூறுக்கு மேல் ஆனது. என் அக்கா வீடு அந்தக் கிராமங்களில் ஒன்றில், ஹென்னூரைத் தாண்டி. அக்காவும் மாமாவும் 2005ல் வீடு கட்டினார்கள், அப்போது பஞ்சாயத்து. நகரத்தில் சேர்ந்துவிட்டோம் என்று 2007ல் மாமா எங்கள் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்தார்.

கந்தாயம் அடுத்த வருடமே நகரத்துக் கணக்கில் வந்துவிட்டது. காவிரித் தண்ணீர் எப்போது வந்தது? அந்த நூற்றுப்பத்துக் கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டத் திட்டம், நாளைக்கு 775 மில்லியன் லிட்டர், தொடங்கியது 2024 அக்டோபர் 16. பதினேழு வருடம். அதுவரை அக்கா வீட்டில் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. காலையில் எழுந்ததும் சம்ப் மூடியைத் தூக்கிக் குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பாள். குச்சியில் ஓர் இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். ஈரம் ரிப்பனுக்குக் கீழே நின்றால் டேங்கருக்கு போன். 2024 கோடையில் போர்வெல் எல்லாம் வற்றிப்போய், டேங்கர்க்காரர் போனையே எடுக்காத நாட்களில், அந்த ரிப்பனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினாள். பயத்தை நாலு விரல் தள்ளிப் போடுகிறேன் என்றாள். பிருஹத் என்றால் பெரியது என்று யாரோ அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். "தண்ணி பெரிசா வரலடா, பேரு பெரிசா வந்துச்சு" என்பாள். குழாய் தெருவுக்கு வந்து வீட்டுக்குள் நுழைந்து சில மாதத்தில் அந்தப் பெரிய பெயரும் போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில் போய்க் கேட்க எங்களுக்கு ஆள் இல்லை. 2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுத்த கார்ப்பரேட்டர்களின், அதாவது வார்டு கவுன்சிலர்களின், காலம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதியோடு முடிந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. நீங்கள் செய்தது என்ன? 198 வார்டை 2022ல் 243 ஆக்கினீர்கள். 2023ல் அதை 225 ஆக்கினீர்கள். அந்த 243க்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை, 225க்கும் போடவில்லை. இப்போது ஐந்து மாநகராட்சிக்கும் சேர்த்து 369. நடுவில் கட்சி மாறியது, முதலமைச்சர் மாறினார். வார்டைக் கலைத்துக் கலைத்து அடுக்குவது மட்டும் மாறவில்லை. ஆகவே இது ஒரு கட்சிக்கு எழுதும் மடல் இல்லை.

எங்கள் பழைய கார்ப்பரேட்டர் ரொம்ப நல்லவரா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேறு கடைக்குப் போகவேண்டும். ஆனால் காலை ஏழரைக்கு அவர் வீட்டு வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். சாக்கடை அடைத்துக்கொண்டால், தெருவிளக்கு எரியாவிட்டால், பொம்பளைகள் நேராகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். திட்டவும் திட்டுவார்கள். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவார்கள். அந்த நாற்காலிகள் மடங்கி ஏறக்குறைய ஐந்து வருடம் ஆன பிறகுதான் ஐந்து மாநகராட்சி வந்தது. இப்போது அவற்றுக்கு மேலே ஓர் ஆணையம், அதற்கு முதலமைச்சர் தலைவர். முதலமைச்சர் பெரியவர்தான், மறுக்கவில்லை. எங்கள் தெருச் சாக்கடைக்கு அவரிடம் எப்படிப் போவது?

ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மேயரை வருடா வருடம் மாற்றும் பழக்கத்தை விட்டு, புதிய சட்டத்தில் பதவிக்காலம் முப்பது மாதம் என்று வைத்திருக்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு மேயர் என்றால் மாலை வாங்கவே நேரம் சரியாக இருந்தது. அதை மாற்றியது நல்ல காரியம். ஒரு கோடிக்கு மேல் ஜனம் உள்ள ஊரை ஒரே ஆபீஸிலிருந்து நடத்த முடியாது என்ற வாதமும் புரிகிறது. பிரித்தது தப்பு என்று நான் எழுதவில்லை.

ஆனால் டெல்லியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிரித்தீர்களா? அங்கே 2012ல் ஒரு மாநகராட்சியை வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்றாகப் பிரித்தார்கள், பெயர்கூட உங்களைப் போலவே திசைதான். தெற்குக்கு வருமானம் இருந்தது. கிழக்கு டெல்லியில் துப்புரவுத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அவர்கள் வேலைநிறுத்தம் செய்து குப்பையை ரோட்டில் கொட்டிய படங்களைப் பேப்பரில் பார்த்தோம். பத்தே வருடத்தில், 2022 மே 22ஆம் தேதி, மூன்றையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள். 272 வார்டு 250 ஆனது. அந்தப் பத்து வருடத்தில் எத்தனை ரப்பர் ஸ்டாம்பு செய்தார்கள், எத்தனை பாட்டிகள் அஃபிடவிட் கொடுத்தார்கள் என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

இங்கே நிலவரம் அப்படி ஆகாது என்று சொல்ல முடியுமா? கிழக்கு மாநகராட்சியில் வார்டு ஐம்பதுதான், ஆனால் மகாதேவபுராவும் வைட்ஃபீல்டும் ஐ.டி. கம்பெனிக் கட்டடங்களும் அங்கேதான் இருக்கின்றன. மேற்கில் வார்டு நூற்றுக்கு மேல், பெரும்பாலும் பழைய குடியிருப்புகள். கந்தாயம் எங்கே கொட்டும், எங்கே சொட்டும் என்று என் கடையில் நகல் எடுக்கும் பையனுக்கே தெரியும். விடியற்காலையில் எங்கள் தெருவைக் கூட்டும் பவுரகார்மிக அம்மாக்கள் தங்கள் பி.எஃப். காகிதத்தையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவந்து, "எங்க சம்பளம் இனிமே யார் தருவாங்க அண்ணா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றுதான் சொன்னேன். அவர்களிடம் சொல்லவேண்டிய பதில் உங்களிடம் இருக்கிறது.

சட்டத்தில் ஏழு மாநகராட்சி வரை இடம் வைத்திருக்கிறீர்கள். நகரத்தை ஒட்டிய பஞ்சாயத்துகளையும் உள்ளே இழுப்போம் என்ற பேச்சும் அடிபடுகிறது. ஆகவே இது முடிந்துபோன விஷயம் இல்லை, நாளைக்கு இன்னொரு அக்கா, இன்னொரு பாட்டி வரப்போகிறார்கள். அதற்கு முன் நான் கேட்பது இவைதான்.

முதலில் அந்த அஃபிடவிட். பழைய வார்டும் புதிய வார்டும், பழைய மண்டலமும் புதிய மாநகராட்சியும் எது எதற்குச் சமம் என்று நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள். சொத்து எண்ணைத் தட்டினால் வரவேண்டும், போன் இல்லாதவர்களுக்காக ஒவ்வொரு அலுவலகச் சுவரிலும் ஒட்டவேண்டும். கன்னடத்தில் ஒட்டுங்கள், எங்கள் பக்கத்து அலுவலகங்களில் கீழே தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் ஒரு வரி இருந்தால் என் கடைக்குக் கூட்டம் குறையும், பரவாயில்லை. 2025 செப்டம்பருக்கு முந்தைய எந்த ரசீதையும், எந்தக் காத்தாவையும் வார்டு எண் வேறு என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு போடுங்கள். இதற்காக ஏற்கெனவே முத்திரைத்தாள் வாங்கியவர்களுக்கு அந்தக் காசைக் கந்தாயத்தில் கழித்துக் கொடுங்கள். பிரிக்கும்போது ஆபீஸ் மாறிய மனுக்களுக்கு, கோப்பு இப்போது யார் மேஜையில் இருக்கிறது என்று மனு கொடுத்தவருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மஞ்சள் பையோடு இரண்டு ஆபீசுக்கும் அவர்கள் நடக்கக் கூடாது.

அடுத்தது பெயர். தெற்கு மாவட்டம், தெற்கு மாநகராட்சி இரண்டில் ஒன்றின் பெயரை மாற்றுங்கள். எதை மாற்றுவது என்பது உங்கள் பாடு. அதுவரை அரசாங்க விண்ணப்பங்களில் மாவட்டத்துக்கு அருகே அடைப்பில் ராமநகர என்று போடுங்கள், பையன்கள் பிழைப்பார்கள். இனிமேல் வார்டுக்கோ மாநகராட்சிக்கோ பெயர் வைக்கும்போது அங்கே குடியிருப்பவர்களின் கூட்டம் ஒன்றைக் கூட்டிக் கேளுங்கள். வார்டுப் பட்டியலின் வரைவுக்கு ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் கொடுத்தீர்கள். வேலைக்குப் போகிறவன் பட்டியலைக் கண்ணால் பார்ப்பதற்குள் அது முடிந்துவிட்டது. மூன்று மாதம் கொடுங்கள்.

ஐந்து மாநகராட்சிக்கும் வரவு எவ்வளவு, பங்கு எவ்வளவு, பற்றாக்குறை வந்தால் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள் என்பதை வருடா வருடம் அச்சடித்து வெளியிடுங்கள். பவுரகார்மிகர் சம்பளம் எந்த மாநகராட்சியிலும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகாது என்பதை அதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

புதிதாக எந்தக் கிராமத்தைச் சேர்த்தாலும், சேர்க்கும் அறிவிப்பிலேயே குடிநீர்க் குழாய் எந்தத் தேதிக்குள், சாக்கடை எந்தத் தேதிக்குள் என்று இருக்கவேண்டும். அந்தத் தேதி வரும் வரை பஞ்சாயத்து வரிதான், நகரத்து வரி கிடையாது.

கடைசியாக, தேர்தல். 369 வார்டிலும் ஓட்டுப் போடுவதற்கு முன் இன்னொரு முறை எல்லையைத் தொடாதீர்கள். இனி ஒரு தடவை ஐந்து வருடம் முடிந்து ஆறாவது மாதத்திலும் தேர்தல் இல்லையென்றால், அந்த வார்டுகளில் அரசாங்கம் வரி உயர்த்த முடியாது என்று சட்டத்தில் ஒரு வரி சேருங்கள். எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போடவேண்டும்.

இந்த மடலுக்குப் பதில் அனுப்புவதாக இருந்தால் வார்டு எண், மண்டலம், மாநகராட்சி எதுவும் போடவேண்டாம். லிங்கராஜபுரம், புங்க மரத்துக்கு எதிர் ஜெராக்ஸ் கடை என்று எழுதினால் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
விண்ணப்பம் நிரப்புகிறவன்